கூகைக்கட்டும் ஓர் அட்டியலும்

என் தங்கை சத்தியபாமாவை மலடி என்று முதலில் சொன்னவர் அவளுடைய மாமியார் பார்வதிப்பிள்ளை. சொன்ன இடம் கிணற்றடி. அடுத்த நாள் காலை அந்தச் சொல் வேலணைச் சந்தையில் நின்றது. வெள்ளிக்கிழமை நயினாதீவுக் கோயிலுக்குப் போகிற வள்ளத்தில் எனக்குப் பக்கத்தில் இருந்த ஒருத்தி, நான் யாரென்று தெரியாமல், "வேலணையிலை ஒரு மலடி இருக்கிறாளாம் பிள்ளை. புருஷன் பாவம், தங்கமான பொடியனாம்" என்று எனக்கே சொன்னாள். தங்கமான பொடியன்! எனக்கு வந்த கோபத்துக்கு அவளைத் தூக்கிக் கடலில் போட்டிருப்பேன். நீந்தத் தெரியாதவள் மாதிரி இருந்தாள், விட்டுவிட்டேன்.

பிறகு அந்தத் தங்கமான பொடியனுக்கு இரண்டாந்தாரம் பார்க்கிறார்கள் என்ற கதை வந்தது. சத்தியபாமாவை நாங்கள் பாமா என்றுதான் கூப்பிடுவோம். பாமாவை வாழ்ந்த வீட்டில் ஒரு மூலையில் ஒதுக்கிவிட்டு, இன்னொருத்தியைக் கூடத்துக்குக் கொண்டுவரப் போகிறார்கள். ஏன் இப்படி ஆயிற்று என்று நான் ஆதியிலிருந்து யோசித்துப் பார்த்தேன். எல்லாம் ஓர் அட்டியலில் போய் நின்றது.

பார்வதிப்பிள்ளை மாமி எங்கள் ஐயாவுக்கு ஒன்றுவிட்ட தங்கை. வேலிக்கு அடுத்த வளவு. அவருடைய புருஷன் மாத்தறையில் சுருட்டுக்கடை வைத்து நன்றாகச் சம்பாதித்து, ஒரு நாள் அந்தக் கடையிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார். அவர் செய்து கொடுத்த சிவப்புக்கல் அட்டியல் மாமியின் பெட்டகத்தில் கிடந்தது. கழுத்தோடு ஒட்டிக் கிடக்கும் பாரமான சாமான். பின்பக்கம் முடிவதற்குப் பட்டுக்கயிறு. கைம்பெண் கழுத்தில் அது ஏறாது. போட்டுப் பார்க்க மகளும் இல்லை, ஒரே மகன் பரராசசிங்கம்தான். இவ்வளவு பொன் வீட்டில் இருப்பது ஊருக்குத் தெரியாமலே போய்விடுமே என்பது மாமிக்குப் பெரிய கவலை.

அந்தக் கவலையைத் தீர்த்து வைத்தது கூகைக்கட்டு. பிள்ளைகளுக்குக் காதடியும் தாடையும் வீங்கி, முகம் பூசணிக்காய் மாதிரி ஆகிவிடுமே, அந்த வருத்தம். அதற்கு எங்கள் பக்கத்தில் ஒரே மருந்து, கழுத்தில் பொன் போடுவது. பொன் பட்டால் வீக்கம் வடியும் என்பார்கள். வடியத்தான் செய்தது. போடாவிட்டாலும் ஒரு கிழமையில் வடியுமா என்று போடாமல் இருந்து பார்க்க ஒருவருக்கும் துணிவு வரவில்லை. வீட்டில் குண்டுமணிப் பொன் இல்லாதவர்கள் எல்லாரும் மாமியின் படலை வாசலுக்கு வந்தார்கள். மாமி கொடுத்தார். "பார்வதிப்பிள்ளையின்ரை அட்டியல் பட்டால் வீக்கம் பறந்திடும்" என்று ஊர் சொன்னது. மாமி ஒரு சுற்றுப் பெருத்தார்.

இதில் வேடிக்கை என்னவென்றால், துடக்கு, தீட்டு பார்ப்பதில் இந்த வேலணையிலேயே மாமிதான் முதல் ஆள். அயலாள் வாளி கிணற்றில் பட்டுவிட்டால் அரைக்கிணற்றுத் தண்ணீரை இறைத்துக் கொட்டுவிப்பார். கரைப்பக்கத்து ஆட்களுக்கு மோர் கொடுத்தால் பனையோலைப் பிளாவில் எட்ட நின்று ஊற்றுவார். மகனைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினால் கண்ட பிள்ளைகளோடும் ஒட்டிக்கொள்வான் என்று வாத்தியாரை வீட்டுக்குக் கூப்பிட்டுப் படிப்பித்தார். நாங்கள் இந்தப் பக்கம் ஒருவர் கடித்த மாங்காயை ஒருவர் பறித்துத் தின்று, கூகைக்கட்டு, சின்னமுத்து, கொப்பளிப்பான் எல்லாவற்றையும் பல் விழுகிற வயதுக்குள் வாங்கி முடித்துவிட்டோம். பரராசசிங்கம் வேலிக்கு அந்தப் பக்கம் வெள்ளைச் சட்டையோடு நின்று பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு வருத்தமும் அவரை அண்டவில்லை.

"என்ரை பிள்ளைக்கு ஒரு தும்மல் வந்ததில்லை. உங்கடை அம்மாவைப் போல நான் கண்ட நிண்ட இடமெல்லாம் திரிய விடேல்லை" என்பார் மாமி. பிள்ளைக்கு மீசை முளைத்த பிறகும் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஆனால் பொன் என்று வந்துவிட்டால் மாமியின் சட்டம் தலைகீழ்.

"பொன்னிலை என்னடி துடக்கு? ஆர் கழுத்திலை கிடந்தாலும் பொன் பொன்தான்" என்று ஒரு நாள் எனக்கு விளக்கம் தந்தார். அட்டியல் யார் கழுத்துக்குப் போய்வந்தாலும் அதைக் கழுவ மாட்டார். கல்லுக்குப் பின்னால் அரக்கு இருக்கிறது, தண்ணீர் பட்டால் கல் கழன்றுவிடும் என்பது இன்னொரு காரணம். கண்ணில் ஒற்றி அப்படியே பெட்டகத்தில் வைப்பார்.

பாமாவுக்கும் பரராசசிங்கத்துக்கும் கலியாணம் பேசி, ஆவணியில் நாள் வைத்திருந்த வருடம் அது. மாப்பிள்ளை மாத்தறைக் கடையைக் கணக்கப்பிள்ளையிடம் விட்டுவிட்டு ஆனியிலேயே ஊருக்கு வந்துவிட்டார். அதே ஆனியில் ஊர்காவற்றுறைத் தோணிக்காரன் மனுவேலின் சின்ன மகள், நெடுந்தீவில் பெரியம்மா வீட்டில் நின்றுவிட்டுக் கன்னம் இரண்டும் உப்பிப்போய் வந்து சேர்ந்தாள். நெடுந்தீவுக்கு அது எங்கிருந்து வந்தது என்று கேட்டால் யார் கண்டது? இந்தியாவிலிருந்து வந்த வத்தைத் தோணியில் வந்திருக்கும், அல்லது யாழ்ப்பாணத்துச் சந்தையிலிருந்து. வருத்தம் தானாக நடந்து வருவதில்லை, யாராவது கூட்டிக்கொண்டு வருகிறோம்.

மனுவேல் மாமியின் புகையிலைச் சிப்பங்களை யாழ்ப்பாணத்துக்கு ஏற்றுகிறவன். அந்த உரிமையில் அவனுடைய பெண்சாதி கிறேசம்மா பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு படலைக்கு வந்தாள். நானும் அப்போது அங்கே நின்றேன்.

"அம்மா, பிள்ளை தண்ணி விழுங்க ஏலாமல் கிடக்கு. மாதாவுக்கு நேந்தும் பாத்தன். அந்த அட்டியலை ஒருக்கால் தாங்கோ."

"மாதா தராததை நான் தாறன், பிடி" என்றார் மாமி. கிறேசம்மா முந்தானையை விரித்தாள். அவள் கையில் விரல் பட்டுவிடாமல் மேலே நின்று அட்டியலை முந்தானையில் போட்டார். "கவனமடி. கல்லொண்டு விழுந்தால் உன்ரை புருஷன்ரை தோணியைத்தான் பிடிப்பன்."

கிறேசம்மா அந்த இடத்திலேயே பிள்ளைக்குக் கட்டினாள். அந்தக் குஞ்சுக்கு வாய் நிறைய எச்சில், விழுங்க முடியவில்லை. கழுத்தில் தொங்கிய பட்டுக்கயிற்றின் நுனியை வாயில் வைத்துச் சப்பத் தொடங்கியது. நான் பார்த்தேன், மாமியும் பார்த்தார். பிள்ளை எதையாவது சப்பத்தானே செய்யும் என்று இரண்டு பேரும் பேசாமல் நின்றோம்.

அதோடு தொடங்கியது. அட்டியல் மனுவேல் வீட்டிலிருந்து வந்த கையோடு சந்தைக்குப் பக்கத்து வீட்டுக்கு, அங்கிருந்து சாட்டிக் கிராமத்துக்கு, சாட்டியிலிருந்து திரும்பி எங்கள் ஒழுங்கை வீடுகளுக்கு. அட்டியலுக்கு முறை காத்துக்கொண்டு வீங்கின பிள்ளையும் வீங்காத பிள்ளையும் மாமியின் படலையில் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து விளையாடின. இன்றைக்கு வீங்காமல் நிற்கிற பிள்ளை கொஞ்ச நாளில் வீங்கி வந்து முறை கேட்கும். "பாத்தியோ, என்ரை அட்டியலுக்கு எவ்வளவு கிராக்கி!" என்றார் மாமி. மருந்துக்குக் கிராக்கி ஏறுகிறதே, வருத்தம் எங்கிருந்து ஏறுகிறது என்று அவரும் கேட்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

ஊரெல்லாம் வீக்கமாய்க் கிடந்தபோது மாமிக்கு மகனைப் பற்றிப் பயம் வந்தது. கலியாணம் நெருங்குகிறது, மாப்பிள்ளை முகம் வீங்கினால் என்ன செய்வது? வந்த பிறகு போடுகிற பொன்னை வருமுன்னே போட்டுவிட்டால் வராதே என்று அவருடைய மூளை வேலை செய்தது. ஐயோ, அந்த மூளை! பிள்ளைகளின் கழுத்திலிருந்து அட்டியல் திரும்பி வந்ததும், அந்த ஈரம் காயுமுன், மகனைக் கூப்பிட்டு இருத்திக் கழுத்தில் கட்டிவிடுவார். கழுவவில்லை, துடைக்கவில்லை. பொன்னில் என்ன துடக்கு?

நான் வேலிப் பொட்டு ஓட்டைக்குள்ளால் பார்த்துச் சிரிசிரியென்று சிரித்தேன். மீசை முறுக்கிய மாப்பிள்ளை சிவப்புக்கல் அட்டியலோடு கதிரையில் மணப்பெண் மாதிரிக் குந்தியிருக்கிறார். பாமாவையும் கூப்பிட்டுக் காட்டினேன். "சீ, பாவம் அக்கா" என்றாள், ஆனால் அவளும் சிரித்தாள். ஒரு நாள் கயிறு சிக்குப்பட்டு அவிழவில்லை. மாமி இழுத்துப் பார்த்தார், முடியவில்லை. மாப்பிள்ளை பொறுமை இழந்து அட்டியலை முன்னுக்குத் திருப்பி, முடிச்சைப் பல்லால் கடித்து அவிழ்த்தார். காலையில் யாரோ ஒரு குஞ்சு சப்பிக் கொடுத்த கயிறு அது.

கொஞ்ச நாள் கழித்து மாப்பிள்ளைக்குக் காய்ச்சல். அடுத்த நாள் தாடை இரண்டும் வீங்கிற்று. "கண்ணூறு" என்றார் மாமி, மிளகாய் சுற்றிப் போட்டார். அட்டியலை இரவு பகல் கழற்றவிடவில்லை. பரியாரி வல்லிபுரம் வந்து மருந்து கொடுத்துப் போனார். முகம் வடிந்தது, ஆனால் மாப்பிள்ளை எழும்பவில்லை. கிணற்றடியில் வழுக்கி விழுந்து இடுப்பு நோகிறது என்று எங்களுக்குச் சொன்னார்கள். கலியாணத்தைத் தைக்குத் தள்ளி வைத்தார்கள். நாங்கள் நம்பினோம். அதே கூகைக்கட்டு வந்த சின்னஞ்சிறுசுகள் எல்லாம் அதற்குள் எழும்பிப் பனங்காய் பொறுக்கப் போய்விட்டன.

தையில் கலியாணம் நடந்தது. பரராசசிங்கம் நல்ல மனிசன், அதை நான் மறுக்கவில்லை. பாமாவை ஒரு சொல் கடிந்து சொன்னதில்லை. தாய் சொன்ன சொல்லுக்கு மறுசொல் சொன்னதும் இல்லை. இந்த இரண்டு குணமும் ஒரே ஆளில் இருந்தால் பெண்சாதி என்ன பாடு படுவாள் என்று தெரியும்தானே.

வருடங்கள் போயின, பிள்ளை வரவில்லை. மருந்து முழுக்கப் பாமாவுக்கு. வெள்ளி விரதம் அவள் பிடித்தாள். நயினாதீவு அம்மனுக்கு வெள்ளித் தொட்டில் அவள் கட்டினாள். நாக்கில் வைக்க முடியாத கஷாயம் எல்லாம் அவள் குடித்தாள். அவர் பக்கத்தில் இருந்து, "கசக்குதோ?" என்று அன்பாகக் கேட்பார். கேட்டுவிட்டு ஒரு துண்டு பனங்கட்டி கொடுப்பார்.

இரண்டாந்தாரக் கதை காதில் விழுந்ததும் நான் பாமாவை இழுத்துக்கொண்டு யாழ்ப்பாணத்துக்கு வள்ளம் ஏறினேன். அங்கே ஒரு பெண்கள் ஆசுப்பத்திரியில் டொக்குத்தர் அம்மா ஒருவர் இருந்தார். பாமாவை நன்றாகச் சோதித்தார். "இவவிலை ஒரு குறையும் இல்லை. புருஷனைக் கூட்டிக்கொண்டு வாரும்" என்றார்.

"அவர் வரமாட்டார் அம்மா. தன்ரை பிள்ளைக்கு ஒரு வருத்தமும் வந்ததில்லை எண்டு மாமி சொல்லுவா" என்றாள் பாமா.

"ஒண்டுமே இல்லையோ? வளந்த பிறகு கூகைக்கட்டு வந்ததோ?"

நான் முந்திக்கொண்டு அட்டியல் கதையைச் சொன்னேன். சிரிப்பார் என்றுதான் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. கயிற்றைப் பிள்ளைகள் சப்பினதோ என்று கேட்டார், மாப்பிள்ளை முடிச்சைப் பல்லால் கடித்ததைச் சொன்னதும் பேனையைக் கீழே வைத்துவிட்டார். அந்த வருத்தம் எச்சிலிலும் மூச்சிலும் போகிறது, பொன்னுக்கும் அதற்கும் ஒரு தொடர்பும் இல்லை என்றார். சின்ன வயதில் வந்தால் முகத்தோடு போய்விடும். ஆண் வளர்ந்த பிறகு வந்தால் சில பேருக்குக் கீழே விதைக்கும் இறங்கும், இரண்டு பக்கமும் இறங்கினால் பிள்ளை வராமல் போகவும் கூடும்.

"சின்னனிலை மற்றப் பிள்ளையளோடை விளையாட விட்டிருந்தால் அப்பவே வந்து போயிருக்கும்" என்றார்.

வள்ளத்தில் திரும்பும்போது பாமா கடலைப் பார்த்துக்கொண்டு இருந்தாள். நான் பேசினேன். மாமியின் பரம்பரையையே அந்தக் கடலில் இழுத்துப் போட்டுத் திட்டினேன். வள்ளக்காரன் பாயைச் சரி செய்கிற சாட்டில் திரும்பித் திரும்பிப் பார்த்தான்.

அடுத்த நாள் அவள் புருஷனிடம் நேரே கேட்டிருக்கிறாள். இறங்கினது உண்மைதான் என்று அவர் ஒப்புக்கொண்டார். அது இதைச் செய்யும் என்று அவருக்கு அப்போது தெரியாதாம், பிறகு சந்தேகம் வந்ததாம், வெட்கத்தில் வாய் திறக்கவில்லையாம். ஒருவருக்கும் சொல்ல வேண்டாம் என்று அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு அழுதாராம். அவள் எனக்கு மட்டும் வந்து சொன்னாள்.

"இப்பவே போறன். சந்தையிலை நிண்டு கத்திப்போட்டு வாறன்" என்று நான் எழும்பினேன்.

"வேண்டாம் அக்கா. நீ சொன்னால் அது பொய்யாப் போகும். நான் சொன்னால் மலடி சாட்டுச் சொல்லுறாள் எண்டுவினம். அவர்தான் சொல்லோணும்."

"அவரோ! தாய்க்கு முன்னாலை இருமுறதுக்கே உத்தரவு கேக்கிற ஆள்."

"பாப்பம்" என்றாள்.

பார்க்கிற நாளும் வந்தது. மண்கும்பானிலிருந்து நாகமுத்து என்றொரு அம்மா, தமையன் கதிர்காமுவோடு, தன்னுடைய மகளை இரண்டாந்தாரமாகக் கொடுக்கப் பேச வந்தார். நானும் போய் ஒரு கதிரையில் இருந்தேன். யாரும் கூப்பிடவில்லை, எழும்பிப் போ என்று சொல்லவும் யாருக்கும் துணிவில்லை. பரராசசிங்கம் நிலத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தார். குசினியிலிருந்து கோப்பித் தட்டத்தோடு வந்தாள் பாமா. தன்னுடைய புருஷனுக்குப் பெண் கொடுக்க வந்தவர்களுக்குத் தானே ஊற்றிய கோப்பி.

"உவளையும் துரத்தமாட்டம்" என்று மாமி பெரிய மனதோடு சொன்னார். "பாவம், ஒரு மூலையிலை இருந்து சாப்பிட்டிட்டுப் போகட்டும். நாங்கள் மனிசர்தானே."

நாகமுத்து பாமாவை நிமிர்ந்து பார்த்தார். பாமா தட்டத்தை மேசையில் வைத்தாள். புருஷனைப் பார்த்து மெதுவாகத்தான் சொன்னாள்.

"இஞ்சாருங்கோ. அவையும் பெம்பிளைப் பிள்ளையைப் பெத்தவை. உண்மையைக் கேட்டுப்போட்டு ஓமோ இல்லையோ சொல்லட்டும். நீங்கள் சொல்லுங்கோ."

"என்னடி உண்மை? உள்ளுக்குப் போ!" என்று மாமி எழும்பினார்.

பரராசசிங்கம் சால்வையை எடுத்து முகத்தைத் துடைத்தார். நான் வாயைத் திறக்கப் போனேன், பாமா என்னை ஒரு பார்வை பார்த்தாள், மூடிக்கொண்டேன். என் வாழ்க்கையில் நான் பேசாமல் இருந்த தருணங்களில் அது ஒன்று. மற்றது எதுவென்று நினைவில் இல்லை.

"நீங்கள் சொல்லாட்டில், அந்தப் பிள்ளையும் வந்து என்னைப் போலக் கஷாயம் குடிக்கும்" என்றாள் பாமா. "அவளுக்கும் பனங்கட்டி குடுப்பியளோ?"

நாகமுத்து கோப்பியைக் கீழே வைத்தார். "தம்பி, என்ன கதை உது? குறை உம்மிலையோ?"

"ஓம்" என்றார் பரராசசிங்கம்.

தாயைப் பார்க்கவில்லை. நாகமுத்துவைப் பார்த்தே சொன்னார். "ஓம் அக்கா. கூகைக்கட்டு வந்து எனக்குக் கீழை இறங்கினது. இவவிலை ஒரு பிழையும் இல்லை. உங்கடை பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வராதேங்கோ."

மாமி அப்படியே கதிரையில் இருந்துவிட்டார். கதிர்காமு கூரையைப் பார்த்தார். நாகமுத்து எழும்பிப் போய்ப் பாமாவின் கையைப் பிடித்து, "நீ நல்லாயிரு பிள்ளை" என்றார். அதற்குள் மாமிக்கு உயிர் வந்துவிட்டது. அழுது, காலில் விழாத குறையாக மன்றாடி, இந்தக் கதை படலைக்கு வெளியே போகக்கூடாது என்று அம்மன் பேரில் இரண்டு பேரிடமும் சத்தியம் வாங்கினார். அவர்கள் கொடுத்தார்கள். கொடுத்த சத்தியத்தைக் காப்பாற்றினார்கள் என்பதுதான் அநியாயம். எச்சில் கடல் தாண்டிற்று, பொய் கடல் தாண்டிற்று, இந்த ஒரு உண்மைக்கு மட்டும் ஏற ஒரு வள்ளம் கிடைக்கவில்லை.

சம்பந்தம் ஏன் குழம்பியது என்று ஊர் விசாரித்தது. பதிலையும் ஊரே கண்டுபிடித்தது. மலடியின் கண் பட்டுக் குழம்பியதாம். பாமா இன்றைக்கும் அந்த வீட்டில்தான் இருக்கிறாள், கூடத்தில், வீட்டுச் சாவியெல்லாம் கோர்த்த திறப்புக் கோர்வை இடுப்பில். மாமி அவளிடம் குரல் உயர்த்துவதில்லை. ஆனால் போன மாதம் என் மகளின் கலியாணத்தில் பெண் மாப்பிள்ளைக்கு எடுக்கிற ஆலாத்தித் தட்டை அவளுடைய கையில் நான் கொடுத்தபோது, நாலு பெண்டுகள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். ஒருத்தி வந்து, "வேறை ஆரும் எடுக்கட்டுமே" என்று சிரித்துக்கொண்டே தட்டை வாங்கிவிட்டாள். பரராசசிங்கம் ஆண்களுக்குள் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆட்கள் போன பிறகு நான் குசினிக்குள் அவளைப் பிடித்துக்கொண்டேன். "இன்னும் எத்தினை காலத்துக்கடி அந்தாளின்ரை வருத்தத்தை நீ சுமக்கப் போறாய்?"

அவள் பாத்திரம் அடுக்கிக்கொண்டே சொன்னாள். "அண்டைக்கு அவர் தாய்க்கு முன்னாலை, பிற ஆக்களுக்கு முன்னாலை ஓம் எண்டு சொன்னவர். எனக்கு அது போதும், காணும் அக்கா."

அவளுக்குக் காணும். எனக்குக் காணாது.